ஆங்கிலம் படிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: எந்த உத்தி, எப்போது?

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருப்பதால் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை கடைசியில். சொன்னதையே திரும்பச் சொல்லாமல் முந்தைய பதிலைக் காட்ட வசதியாக எண் போட்டிருக்கிறேன்.

1. ஸ்ட்ராட்டஜி ஸ்ட்ராட்டஜினு சொல்றீங்களே, அப்படின்னா என்ன? ஷார்ட்கட்டா?

ஷார்ட்கட் இல்லை. மொழியைப் படிக்கவோ, நினைவில் வைக்கவோ, பயன்படுத்தவோ நீங்களாகத் தெரிந்தே செய்கிற எந்தக் காரியமும் உத்திதான். புதுச் சொல்லை வாக்கியத்தில் வைத்து எழுதிப் பார்ப்பது, கேட்டதை வாய்க்குள் திரும்பச் சொல்வது, புரியாதபோது “இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்பது எல்லாம் இதில் வரும். தெரிந்தே செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். பக்கத்தில் ஆங்கிலச் செய்தி ஓட, நீங்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தால் அது கணக்கில் வராது.

இவற்றை வகை பிரித்தவர்களில் அதிகம் அடிபடும் பெயர் ரெபெக்கா ஆக்ஸ்ஃபோர்ட். (அகராதிக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை, ஆளின் பெயரே அதுதான்.) 1990-இல் அவர் ஆறு வகையாகப் பிரித்தார். நினைவில் நிறுத்துவதற்கானவை ஒரு வகை. பயிற்சி செய்வது, அலசுவது, குறிப்பெடுப்பது என்று மொழியையே கையில் எடுப்பவை இரண்டாவது. தெரியாததைச் சமாளிப்பவை மூன்றாவது. திட்டம் போட்டு, கவனித்து, தன்னையே சரிபார்ப்பவை நாலாவது. மனசைப் பார்த்துக்கொள்பவை ஐந்தாவது, மற்றவர்களோடு சேர்ந்து செய்பவை ஆறாவது.

என்னிடம் வருகிற பெரும்பாலானவர்கள் முதல் வகையிலேயே குடியிருக்கிறார்கள். நாலாவது பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கீழே பல பதில்களில் நான் அந்த நாலாவதைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்லப்போகிறேன்.

2. நல்லா பேசறவங்க என்ன பண்றாங்களோ அதையே நானும் பண்ணினா வந்துடும்தானே?

இதே கேள்வியை 1975-இல் ஜோன் ரூபின் என்ற ஆய்வாளர் எடுத்துக்கொண்டார். நன்றாகக் கற்கிறவர்களிடம் அவர் கவனித்தவை: தயங்காமல் ஊகிக்கிறார்கள், எப்படியாவது சொல்ல வந்ததைச் சொல்லிவிடப் பார்க்கிறார்கள், அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும் கவலைப்படுவதில்லை, வாக்கிய அமைப்பையும் பொருளையும் சேர்த்தே பார்க்கிறார்கள், தங்கள் பேச்சைத் தாங்களே கண்காணிக்கிறார்கள்.

சரி, இந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றலாமா? 1990-இல் வான், ஆப்ரஹாம் இருவரும், முன்னேறாமல் தவித்த இரண்டு பெண்களை உட்காரவைத்து, அவர்கள் எப்படிப் பயிற்சிகளைச் செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். உத்திகளுக்குப் பஞ்சமே இல்லை. வெற்றி பெற்றவர்கள் செய்கிற பலவற்றை அவர்களும் செய்தார்கள். எந்த வேலைக்கு எது பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பதில்தான் கோட்டை விட்டார்கள். எனவே அடுத்தவரின் பழக்கத்தைக் கடன் வாங்குங்கள், ஆனால் உங்களுக்கு எங்கே இடிக்கிறது என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.

3. முதல்ல கிராமரா, வார்த்தையா?

வார்த்தை. கிராமர் தப்பாக இருந்தாலும் பாதி புரியும், வார்த்தையே இல்லையென்றால் வாய் திறக்க முடியாது. அதிலும் அதிகம் புழங்குகிற சொற்கள் முதலில். 1953-இல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் இருந்தவை சுமார் 2000 சொற்கள்தான். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அவையே அடைத்துக்கொள்கின்றன. இதைப் புதுப்பித்த பட்டியல்கள் இப்போது நிறைய உண்டு, ஏதாவது ஒன்று போதும்.

கிராமரை ஒதுக்கச் சொல்லவில்லை. புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முடித்துவிட்டுத்தான் பேசுவேன் என்று உட்காராதீர்கள். நிகழ்காலம், கடந்தகாலம், கேள்வி அமைப்பது, மறுத்துச் சொல்வது, இந்த நாலோடு தொடங்கிவிடலாம். மற்றவை தேவைப்படும்போது வரட்டும்.

4. ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை படிக்கணும்? இன்னைக்குப் படிச்சது நாளைக்கே போயிடுதே!

போகத்தான் செய்யும், எல்லோருக்கும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில் சரசரவென்று சரிகிறது, அதன்பின் சரிவு மெதுவாகிறது. ஆகவே நாளைக்கு 50 சொல் என்று கணக்குப் போடாதீர்கள். 5 முதல் 10 போதும் என்பேன். மீதி நேரம் பழையவற்றைத் திரும்ப எடுப்பதற்கு.

‘எடுப்பது’ என்று சொன்னேன், ‘பார்ப்பது’ என்று சொல்லவில்லை. 2006-இல் ரோடிகர், கார்பிக் இருவரும் நடத்திய சோதனையில் ஒரு குழு பாடத்தைத் திரும்பப் படித்தது, இன்னொரு குழு பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னே. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவுபடுத்தி எழுதியவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். திரும்பப் படிக்கும்போது ‘இது எனக்குத் தெரியுமே’ என்று தோன்றுகிற சுகம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

அட்டை முறை (முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில்) இதற்காகவே வந்தது. செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் சொன்னபடி, சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதைச் சில நாள் கழித்துத்தான் பார்ப்பீர்கள். தவறினால் முதல் பெட்டிக்குத் திரும்பும். ஆன்கி மாதிரியான செயலிகள் இதைத் தானாகவே செய்துவிடும். ஆனால் அட்டையில் என்ன எழுதுகிறீர்கள் என்பது உங்கள் கையில். ‘ரிலக்டன்ட் = தயக்கமுள்ள’ என்று எழுதினால் பேசும்போது வராது. முன்பக்கம் ‘ஷீ வாஸ் ____ டு சைன் த பேப்பர்’ என்று கோடிட்டு, கீழே ‘மனசில்லாமல்’ என்று ஒரு குறிப்பு. பின்பக்கம் சொல், இரண்டாவது அசையில் அழுத்தம் என்பது, பின்னால் ‘டு’ வரும் என்பது. இப்படி எழுதினால் சொல் அதன் அக்கம்பக்கத்தோடு மனசில் ஏறும்.

5. மனப்பாடம் பண்றதே தப்புனு ஒருத்தர் சொன்னாரே?

தப்பே இல்லை. எதை மனப்பாடம் செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயம். முழுக் கட்டுரையையும் ‘என்னைப் பற்றி’ என்ற பத்து வரிப் பேச்சையும் உருப்போட்டால், நடுவில் ஒரு கேள்வி கேட்டதும் எல்லாம் சிதறிவிடும். ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப்’, ‘வுட் யூ மைண்ட்’, ‘இட் டிபெண்ட்ஸ் ஆன்’ மாதிரியான சிறு தொடர்களை உருப்போடுங்கள். எங்கே வேண்டுமானாலும் பொருத்தலாம்.

6. தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல மாத்திதான் பேசறேன். இதை எப்படி நிறுத்தறது?

நிறுத்த வேண்டிய வியாதி இல்லை இது. ஆரம்பத்தில் எல்லோரும் தாய்மொழி வழியாகத்தான் போகிறார்கள். ஒரு சொல்லின் பொருளைத் தமிழில் தெரிந்துகொள்வது வேகமான வழியும்கூட. சொல்லுக்குச் சொல் மாற்றும்போதுதான் இடிக்கிறது. நம் வினை கடைசியில் வருகிறது, அவர்களுக்கு நடுவில். ‘எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்கிறது’ என்று நாம் ‘எனக்கு’ போடுகிற இடமெல்லாம் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘ஐ’யில் தொடங்கும்.

அதனால் மாற்றுங்கள், ஆனால் துண்டு துண்டாக மாற்றுங்கள். ஐந்தாவது பதிலில் சொன்ன தொடர்களை ‘கேட்கலாமானு நினைச்சேன்’, ‘தப்பா நினைக்கலேன்னா’ என்று அதே நீளமுள்ள தமிழ்த் துண்டுகளோடு சேர்த்துப் படியுங்கள். கூடவே, மாற்றுவதற்கு நேரமே கிடைக்காத மாதிரி, ரொம்பத் தெரிந்த விஷயத்தை வேகமாகப் பேசிப் பழக வேண்டும். அது பதினோராவது கேள்வியில் வருகிறது.

7. தெரியாத வார்த்தை வந்தா டிக்‌ஷனரி பார்க்கணுமா, ஊகிக்கணுமா?

முதலில் அந்தப் பக்கத்தில் எத்தனை தெரியாத சொல் இருக்கிறது என்று பாருங்கள். யார் உதவியும் இல்லாமல் கதையைப் புரிந்துகொள்ள 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூவும் பால் நேஷனும் 2000-இல் காட்டினார்கள். ஐம்பதுக்கு ஒன்று மட்டும் தெரியாமல் இருக்கலாம். 300 சொல் உள்ள பக்கத்தில் ஆறு. இருபது இருந்தால் ஊகிப்பதற்குப் பிடிமானமே கிடையாது. அந்தப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, கற்பவர்களுக்காகச் சொல் எண்ணிக்கையை நிலைவாரியாகக் கட்டுப்படுத்தி எழுதிய கதைப் புத்தகம் ஒன்றை எடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அளவு சரியாக இருந்தால், ஊகித்துவிட்டு மேலே போங்கள். அதே சொல் மூன்றாவது முறை வந்தால், அல்லது அது இல்லாமல் வாக்கியமே நகரவில்லை என்றால், அகராதி. ஊகித்ததைச் சரிபார்ப்பதும் அவசியம், ஏனென்றால் தெரிந்த சொல்லின் சாயலில் வருகிறவை ஏமாற்றும். ‘ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்பதை ‘கடினமாக உழைக்கிறார்’ என்று புரிந்துகொண்டு ஒருவரைப் பாராட்டிவிட வாய்ப்புண்டு. உண்மையில் அவர் வேலையே செய்வதில்லை.

8. சப்டைட்டிலோட படம், சீரிஸ் பார்த்தா போதுமா?

தமிழ் சப்டைட்டில் போட்டால் நீங்கள் தமிழ் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆங்கில சப்டைட்டில் உதவும், காதில் விழும் ஒலியையும் சொல்லையும் அது இணைத்துவைக்கும். ஆனால் பார்ப்பது மட்டும் போதாது. பொழுதுபோக்குக்கு முழுப் படம் பாருங்கள், படிப்புக்கு ஒரு நிமிஷக் காட்சி எடுங்கள். முதலில் சப்டைட்டில் இல்லாமல், அப்புறம் அதோடு, அப்புறம் மறுபடி இல்லாமல். இதைவிட ஆழமாகப் போக வேண்டுமானால் அடுத்த பதில்.

9. படிச்சா புரியுது, அதையே பேசினா ஒண்ணுமே புரியலை. ஏன்? ஷேடோயிங் பண்ணினா சரியாகுமா?

நாம் தமிழில் எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய முழுசாகவே உச்சரிக்கிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் விழுகிற அசை மட்டும் தெளிவாக நிற்கும், மற்றவை சுருங்கி, மங்கி, சில நேரம் காணாமலே போகும். ‘வாட் டூ யூ வாண்ட் டு டூ’ எழுத்தில் ஆறு சொல். காதில் விழுவது ‘வடயவானடூ’ மாதிரி ஒரே கொத்து. ‘ஃபோட்டோகிராஃப்’ என்று சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில் இருக்கும். ‘ஃபோட்டோகிராஃபி’ என்றதும் அது இரண்டாவது அசைக்குத் தாவி, முதல் ‘ஃபோ’ வெறும் ‘ஃப’வாகச் சுருங்கிவிடும். நீங்கள் ‘போட்டோகிராபி’ என்று ஐந்து அசையையும் சமமாகச் சொல்லிப் பழகியிருந்தால், எதிராளி ‘ஃபடாக்ரஃபி’ என்கும்போது உங்கள் காது அதைப் புதுச் சொல் என்றே எடுத்துக்கொள்ளும். நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்பதைத்தான் காதும் எதிர்பார்க்கிறது.

இதற்கு நான் கண்ட நல்ல மருந்து கேட்டு எழுதுவது. எழுத்துவடிவம் கிடைக்கிற ஆடியோவில் 20 விநாடி எடுங்கள். நிறுத்தி நிறுத்தி, நாலைந்து முறை கேட்டு எழுதுங்கள். பின்பு எழுத்துவடிவத்தோடு ஒப்பிட்டு, விட்ட ஒவ்வொரு இடத்திலும் காரணம் குறியுங்கள்: சொல்லே தெரியாதா, அல்லது தெரிந்த சொல்லே காதில் சிக்கவில்லையா? முதல் காரணம் அதிகம் என்றால் நாலாவது பதிலுக்குப் போங்கள். இரண்டாவது அதிகம் என்றால் சொற்பட்டியல் உங்களுக்கு உதவாது, காதுப் பயிற்சிதான் வேண்டும். ஒரே நோய் என்று நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இரண்டு வேறு நோய்.

ஷேடோயிங் என்றால், பேசுகிறவரின் குரல் ஓடும்போதே ஒரு அடி பின்னால் நாமும் சொல்லிக்கொண்டு போவது. உடனுக்குடன் மொழிபெயர்க்கிறவர்களின் பயிற்சியிலும் இது உண்டு. தாளத்துக்கும் காதுக்கும் நல்லது. முதல் தடவையிலேயே முழு வேகத்தில் ஓடாமல், கேட்டு எழுதி முடித்த அதே 20 விநாடிக்குச் செய்யுங்கள். ஆனால் சொந்தமாக வாக்கியம் அமைப்பதை ஷேடோயிங் கற்றுத்தராது, சொல்வது இன்னொருவரின் வாக்கியம் இல்லையா?

10. ஆன்லைன் டெஸ்ட்ல நான் விஷுவல் லேர்னர்னு வந்துச்சு. படம் பார்த்துதான் படிக்கணுமா?

வேண்டாம். 2008-இல் பாஷ்லரும் சிலரும் இதுபற்றிய ஆய்வுகளை அலசி, ஆளின் ‘டைப்’புக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்பார் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றார்கள். உச்சரிப்பைக் காதால்தான் கற்க வேண்டும், எழுத்துக்கூட்டலைக் கண்ணால்தான். முறையைத் தீர்மானிப்பது நீங்கள் கற்கிற பொருள்.

11. இங்கிலீஷ்ல பேச எனக்கு ஆளே இல்லை. தனியா பேசிப் பழகலாமா?

தாராளமாக. ஆனால் கண்ணாடி முன் நின்று தோன்றியதைப் பேசுவதைவிட, 4-3-2 என்ற முறையை முயலுங்கள். தெரிந்த ஒரு விஷயத்தை நாலு நிமிஷம் பேசுங்கள், அதையே மூன்று நிமிஷத்தில், மறுபடி இரண்டு நிமிஷத்தில். வகுப்பறையில் ஒவ்வொரு முறையும் கேட்பவரை மாற்றுவார்கள், தனியாக இருந்தால் போனில் பதிவு செய்தால் போதும். மூன்றாவது சுற்றில் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்காது, முழுக் கவனமும் எப்படிச் சொல்வது என்பதில் போகும். ஆறாவது கேள்வியில் சொன்ன ‘மாற்றுவதற்கு நேரமே இல்லாத’ நிலை இதுதான்.

பதிவு செய்ததைக் கேட்பதுதான் யாருக்கும் பிடிக்காத பகுதி. முதல் பதிவை மட்டுமாவது கேளுங்கள். எங்கே நின்றீர்கள், எந்தச் சொல் வராமல் சுற்றி வளைத்தீர்கள் என்று மூன்று இடம் குறித்தால் அடுத்த நாள் அட்டைக்குச் சரக்கு ரெடி.

12. பேசிட்டு இருக்கும்போது வார்த்தை வரலைன்னா மூளை பிளாங்க் ஆயிடுது. அப்ப என்ன செய்றது?

நிற்காமல் சுற்றிப் போங்கள். ‘ஸ்டேப்ளர்’ என்ற சொல் வரவில்லையா? ‘த திங் வி யூஸ் டு ஜாயின் பேப்பர்ஸ்’ என்று சொன்னால் எதிராளியே சொல்லை எடுத்துக்கொடுப்பார். இதற்கு மூன்று துருப்புச்சீட்டு போதும்: ‘த திங் யூ யூஸ் டு’, ‘இட்ஸ் எ கைண்ட் ஆஃப்’, ‘இட்ஸ் லைக்… பட்’. இதோடு யோசிக்க நேரம் வாங்கும் ‘லெட் மி திங்க்’, ‘ஹவ் ஷல் ஐ புட் இட்’ இரண்டையும் கைவசம் வையுங்கள். இவை ஆக்ஸ்ஃபோர்ட் சொன்ன மூன்றாவது வகை.

இதை ஏமாற்று வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. தமிழில் ஒரு சாமான் பெயர் மறந்தால் ‘அந்த… இதுக்குப் போடுவோமே, அது’ என்று சொல்லுவதில்லையா? ஒரே எச்சரிக்கை: பேச்சு முடிந்ததும் அந்தச் சொல்லைத் தேடி எழுதிவிடுங்கள். சுற்றிப் போவதிலேயே வல்லவராகிவிட்டால் சொற்கள் பெருகாமல் அப்படியே நின்றுவிடும்.

13. தெரிஞ்சது கூட பயத்துல வர மாட்டேங்குது.

இந்தப் பயத்துக்குத் தனி ஆய்வே உண்டு. 1986-இல் ஹார்விட்ஸும் அவரோடு இருந்தவர்களும் அந்நியமொழி வகுப்பில் வருகிற பதற்றத்தை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். மற்ற விஷயங்களில் தைரியமாக இருக்கிறவருக்கும் இது வரலாம். மொழி தெரியாதபோது நம் புத்திசாலித்தனமும் நகைச்சுவையும் வெளியே வர முடியாமல் நாம் சின்னப்பிள்ளை மாதிரித் தெரிகிறோம், அதுதான் குறுகுறுக்கிறது.

‘பயப்படாதே’ என்று சொல்வதால் பயம் போகாது. பார்வையாளர்களைக் குறையுங்கள். முதலில் குரல் செய்தி அனுப்புங்கள், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டுத் திரும்பப் பேசலாம். அடுத்து ஒரே ஒரு ஆளோடு, முன்கூட்டியே தெரிந்த தலைப்பில். கூட்டத்தில் பேச வேண்டி வந்தால், முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பம் தாண்டிவிட்டால் பலருக்குத் தொண்டை திறந்துவிடுகிறது.

14. ‘ஹீ கோஸ்’னு ரூல் தெரியும், எழுதினா சரியா எழுதறேன். பேசினா ‘ஹீ கோ’னு வருது. யாராவது திருத்திட்டே இருந்தா சரியாகுமா?

அந்த ‘ஸ்’ பாடப்புத்தகத்தில் முதல் மாதமே வருகிறது, நாக்கில் கடைசியாக வருகிறது. 1970-களில் வெவ்வேறு தாய்மொழிக்காரர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், வினையோடு ‘இங்’ சேர்ப்பதும் பன்மை ‘ஸ்’ஸும் சீக்கிரம் வந்தன, ‘ஹீ’, ‘ஷீ’க்குப் பின் வினையில் வரும் ‘ஸ்’ தாமதமாகத்தான் வந்தது. விதி எளிது என்பதால் பழக்கம் சீக்கிரம் வரும் என்று அர்த்தமில்லை. தவிர, அது இல்லாவிட்டாலும் பொருள் புரிந்துவிடுகிறது, அதனால் வேகத்தில் நம் கவனம் அதைத் தட்டிவிடுகிறது.

திருத்துவது உதவும், ஆனால் எப்படித் திருத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து. கனடாவில் பிரெஞ்சு வழியில் பாடம் நடக்கும் வகுப்புகளை லிஸ்டரும் ராண்டாவும் 1997-இல் பார்த்தபோது, ஆசிரியர்கள் அதிகம் செய்தது மாணவர் சொன்னதைச் சரியாகத் திரும்பச் சொல்லிக்காட்டுவது. மாணவர்கள் தாங்களாகத் திருத்திக்கொள்ளத் தூண்டியவை வேறு: ‘என்ன சொன்னே?’ என்று கேட்டு நிறுத்துவது, குறிப்புக் கொடுப்பது. எனவே திருத்துகிறவரிடம் “சரியானதைச் சொல்லாதீங்க, நிறுத்தினா போதும்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பிழையை மட்டும் பிடியுங்கள். எல்லாவற்றையும் பிடித்தால் பேச்சு நின்றுவிடும், பதிமூன்றாவது கேள்விக்குத் திரும்பிவிடுவீர்கள்.

15. ஏஐ சாட்பாட் இருக்கும்போது இவ்வளவு கஷ்டம் எதுக்கு?

நல்ல கருவிதான், சலிக்காமல் பேசும், சிரிக்காது. ஆனால் “இதை நல்ல இங்கிலீஷில் எழுதிக்கொடு” என்று கேட்டால் மின்னஞ்சல் நன்றாக இருக்கும், நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். முதலில் நீங்கள் எழுதுங்கள். அப்புறம் “தப்பு எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் சொல், திருத்தாதே” என்று கேளுங்கள். பதினாலாவது பதிலில் திருத்துகிறவரிடம் சொன்ன அதே வேண்டுகோள்தான். நீங்களே திருத்திய பிறகு அதன் திருத்தத்தைப் பாருங்கள். இன்னொன்று, அது உங்களுக்காகத் தெளிவாகவும் பொறுமையாகவும் பேசும். மனிதர்கள் குறுக்கிடுவார்கள், முணுமுணுப்பார்கள். ஆளோடு பேசுவதற்கு அது மாற்றாகாது.

16. உண்மையைச் சொல்லுங்க, எத்தனை மாசத்துல சரளமா வரும்?

மாதத்தில் கேட்டால் பதில் இல்லை, மணி நேரத்தில் சொல்லலாம். 2001-இல் வந்த ஐரோப்பியப் பொதுச் சட்டகம் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலையாகப் பிரிக்கிறது. தொடக்கத்திலிருந்து பி1 வர 350 முதல் 400 மணி நேரம், பி2 வர 500 முதல் 600 மணி நேரம் வழிகாட்டலோடு படிக்க வேண்டியிருக்கும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுகளை நடத்துகிறவர்கள் தரும் உத்தேசக் கணக்கு. தடுமாறாமல் உரையாட பி2 வேண்டும்.

தினம் அரை மணி என்றால் வருஷத்துக்கு 180 மணி சொச்சம். பூஜ்யத்திலிருந்து பி2-க்கு மூன்று வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படித்தவர்கள் பூஜ்யத்தில் இல்லை, அதனால் குறையும். 30 நாளில் சரளம் என்று விளம்பரம் பார்த்தால், தினம் எத்தனை மணி நேரம் என்று கேட்டுப் பாருங்கள்.

17. ஓரளவு பேசுவேன், ஆனா ரெண்டு வருஷமா அதே இடத்துல நிக்கறேன். என்ன தப்பு?

ஆரம்பத்தில் கற்கிற ஒவ்வொரு சொல்லும் தினமும் பத்து இடத்தில் கண்ணில் படும். நடுநிலைக்கு வந்தபின் கற்கிற சொல் மாதத்துக்கு ஒரு முறைதான் எதிர்ப்படும். உழைப்பு அதேதான், பலன் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்னொரு காரணம், இருக்கிற ஆங்கிலத்தை வைத்தே காரியம் நடந்துவிடுகிறது. பன்னிரண்டாவது பதிலில் எச்சரித்தது இதைத்தான். சில பிழைகள் எவ்வளவு காலமானாலும் மாறாமல் இறுகிப்போவதை லாரி செலிங்கர் 1972-லேயே எழுதியிருக்கிறார்.

இந்த நிலையில் ‘இன்னும் நிறையப் படி’ என்பது உதவாத ஆலோசனை. ஒரு வாரம் நீங்கள் எழுதியதையும் பதிவு செய்ததையும் சேர்த்துவையுங்கள். அதில் திரும்பத் திரும்ப வருவது எது? ‘குட்’, ‘நைஸ்’, ‘வெரி’ என்ற மூன்று சொல்லிலேயே காலம் தள்ளுகிறீர்களா? வாக்கியமெல்லாம் ‘அண்ட்’, ‘பட்’, ‘ஸோ’வால் மட்டும் ஒட்டப்பட்டிருக்கிறதா? ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு மாதம் அதை மட்டும் துரத்துங்கள். கூடவே ஒரே துறையில் நிறையப் படியுங்கள். விளையாட்டோ மருத்துவமோ, ஒரே விஷயத்தைப் பற்றித் தொடர்ந்து படித்தால் அந்த அபூர்வச் சொற்கள் அடிக்கடி எதிர்ப்படும்.

18. எனக்கு தினம் அரை மணிதான் இருக்கு. இதையெல்லாம் எங்கே அடைக்கிறது?

பால் நேஷன் ஒரு எளிய கணக்கு சொல்கிறார்: புரிந்துகொள்வதற்காகக் கேட்பதும் படிப்பதும், சொல்வதற்காகப் பேசுவதும் எழுதுவதும், சொல், உச்சரிப்பு, இலக்கணம் என்று மொழியையே படிப்பது, தெரிந்ததை வைத்து வேகம் கூட்டுவது. இந்த நாலுக்கும் ஏறக்குறைய சம நேரம். பெரும்பாலானவர்களின் அரை மணி முழுக்க மூன்றாவதுக்கே போய்விடுகிறது.

ஒரே நாளில் நாலையும் திணிக்க வேண்டாம், வாரத்தில் சமன் செய்யுங்கள். அட்டைகளை மட்டும் தினமும் ஐந்து நிமிஷம் புரட்டுங்கள், ஏனென்றால் அது இடைவெளி தாங்காது. மீதியில் இரண்டு நாள் நிலைவாரிக் கதை, ஒரு நாள் கேட்டு எழுதுவது, இரண்டு நாள் 4-3-2, ஒரு நாள் எழுதுவது. ஏழாவது நாள் பத்து நிமிஷம் போதும், அந்த வாரம் என்ன நடந்தது, எது உதவியது, எதை விடலாம் என்று நாலு வரி. அதைத் தமிழிலேயே எழுதலாம்.

19. உத்திகளை அளக்க 50 கேள்வி உள்ள ஃபார்ம் ஒண்ணு நிரப்பினேன். 2.3தான் வந்துச்சு. அப்ப நான் மோசமான லேர்னரா?

அது ஆக்ஸ்ஃபோர்ட் உருவாக்கிய படிவமாக இருக்கும். ஐம்பது வாக்கியம், ஒவ்வொன்றையும் எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள் என்று 1 முதல் 5 வரை. சராசரி 3.5-உம் அதற்கு மேலும் அதிகம், 2.4-உம் அதற்குக் கீழும் குறைவு என்று கொள்வார்கள். அது சொல்வது அவ்வளவுதான்: இந்த ஐம்பதையும் நீங்கள் எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள். எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள் என்பதை அது கேட்பதே இல்லை. ஸோல்டான் டோர்னியே போன்றவர்கள் விமர்சித்தது இதைத்தான். இரண்டே உத்தியைப் பிரமாதமாகச் செய்கிறவருக்குக் குறைந்த மதிப்பெண்ணும், எல்லாவற்றையும் மேலோட்டமாகச் செய்கிறவருக்கு அதிக மதிப்பெண்ணும் வரலாம். இரண்டாவது பதிலில் வந்த அந்த இரண்டு பெண்களை நினைத்துப் பாருங்கள்.

அதனால் எண்ணை மறந்துவிட்டு வாக்கியங்களைப் பாருங்கள். நீங்கள் 1 போட்டவற்றை மட்டும் தனியாக எழுதுங்கள். ஒன்பதாவது அல்லது பதினேழாவது பதிலில் சொன்னபடி உங்களுக்கு எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்திருப்பீர்கள் அல்லவா, அந்த இடத்துக்குப் பொருந்துகிற ஒன்று அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு வாரம் செய்துபார்த்துவிட்டு, முன்பு செய்த அதே 20 விநாடியையோ 4-3-2 பதிவையோ திரும்பச் செய்து ஒப்பிடுங்கள். மாற்றம் தெரியவில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.